முதல் பெட்டியில் பெண்

ஜன்னலோர இடம் கிடைத்தபோது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்தால் கிணறுகள் கண்ணில் படுகின்றன. திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற பாதையில் இத்தனை கிணறுகள் உண்டென்று எனக்கு இதுநாள்வரை தெரியாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூட்டம் நிற்கிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறேன். ஒன்றில் இரண்டு ஆடுகள். ஒன்றில் மோட்டார் ரூம், பூட்டிக் கிடக்கிறது. ஒன்றில் யாரோ துணி துவைக்கிறார்கள், துணி துவைக்கிற இடத்தில் விபரீதம் எதுவும் நடந்திருக்காது, சரி, அடுத்தது. அடி தில்லைநாயகி, உனக்கு மூளை இருக்கிறதா, ரஞ்சனி பி.எட். படித்தவள், ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற டீச்சர், ஒரு ஜோசியக்காரி நீ பொருத்தம் இல்லை என்று சொன்னதற்காகக் கிணற்றைத் தேடிப் போவாளா. போக மாட்டாள். போன பெண்கள் இல்லையா. இருக்கிறார்கள், ஆனால் இவள் போக மாட்டாள், முதலில் உன் நினைப்பைக் கழுவு. அப்படியானால் அவள் அம்மா விஜயராணி ஏன் போனை எடுக்கவில்லை. காலையிலிருந்து அடிக்கிறேன். முதல் தடவை மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. அடுத்த தடவை பாதியில் யாரோ துண்டித்தார்கள். அதற்கப்புறம் அணைத்தே வைத்துவிட்டார்கள். எடுக்காமல் இருப்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு, குளிக்கப் போயிருக்கலாம், சார்ஜரில் கிடக்கலாம். துண்டிப்பதற்கு என்ன காரணம். பேச முடியாத இடத்தில் இருக்கிறார்கள். பேச முடியாத இடம் என்றால் எது. ஆஸ்பத்திரி. இந்த மனசு எந்த வழியாகக் கிளம்பினாலும் ஆஸ்பத்திரி வாசலிலோ கிணற்றடியிலோதான் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது, நடுவில் ஒரு ஸ்டாப்பிங் கிடையாது.

பக்கத்தில் இருக்கிற அம்மாள் முருங்கைக்காய்க் கட்டை மடியில் குறுக்காக வைத்திருக்கிறார், பஸ் குலுங்கும்போதெல்லாம் என் விலாவில் ஒரு குத்து. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் அதைப் பேச்சுக்கு அழைப்பென்று எடுத்துக்கொண்டார். "மகளக் கட்டிக்குடுத்த ஊருக்காக்கா?" என்றார். எனக்கு மகள் கிடையாது, ஒரே மகன், பெங்களூரில் இருக்கிறான், அவனும் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் திரையை மாற்றி மாற்றி வைக்கிற உத்தியோகம் பார்க்கிறான், அதையெல்லாம் முருங்கைக்காயிடம் சொல்ல முடியுமா. "இல்லம்மா, ஒரு கணக்கு தப்பாப் போச்சு, திருத்தப் போறேன்" என்றேன். "எம்புட்டு?" என்றார் உடனே. எம்புட்டு என்று நான் எதைச் சொல்ல. ஒரு பெண்ணின் கல்யாணம் என்று சொன்னால் வேடசந்தூர் வரைக்கும் விட மாட்டார். "சின்னக் கணக்குதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலுக்குத் திரும்பினேன். சின்னக் கணக்கு. ஒரு பெட்டிக்குள் போட வேண்டியதை அடுத்த பெட்டிக்குள் போட்டேன், அவ்வளவுதான் நடந்தது, வேறொன்றும் நடக்கவில்லை.

எனக்குக் கோபமெல்லாம் அந்தக் கம்பெனிக்காரன் மேல்தான். பயம் வரும்போதெல்லாம் அவனைத் திட்டிக்கொள்கிறேன், கொஞ்சம் குறைகிறது. சி.டி.யில் போட்டு விற்ற காலத்திலிருந்து அவனுடைய ஜாதகப் புரோகிராமைத்தான் வைத்திருக்கிறேன். சாம்பல் நிறத் திரை, அழகு கிடையாது, கண்ணையும் குத்தாது. மேலே ஒரு பெட்டி, பெண். கீழே ஒரு பெட்டி, ஆண். பெண்ணின் தேதி, நேரம், ஊர், ஒரு தட்டு, ஆணின் தேதி, நேரம், ஊர், இன்னொரு தட்டு, பத்துப் பொருத்தமும் வரிசையாக வந்து நிற்கும், பக்கத்திலேயே உண்டு, இல்லை, மத்திமம் என்று இருக்கும். நான் திரையைப் பார்த்து அடிப்பதே இல்லை. விரல் அதன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும், கண் எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் முகத்தில் இருக்கும். ஜாதகத்தில் இல்லாததெல்லாம் முகத்தில் இருக்கும். பிறந்த நேரம் சொல்லும்போது அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தால் நேரத்தை யாரோ திருத்தி எழுதிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பெண் தரையைப் பார்த்தால் வெட்கம், சுவரைப் பார்த்தால் விருப்பமில்லை. நான் ஜோசியம் படித்த தபால் கல்விப் பாடத்தில் இதெல்லாம் கிடையாது, பார்த்துப் பார்த்து வந்தது. போன மாதம் ஒருநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் சாம்பல் திரையைக் காணோம். எல்லாம் ரோஸ் கலர். 'உங்களுக்காகப் புதுப்பித்திருக்கிறோம்' என்று ஒரு வாசகம். எனக்காகவா, நான் எப்போது கேட்டேன். நாம் ஊருக்குப் போன சமயம் பார்த்து எவனோ வீட்டுக்குள் புகுந்து, அடுப்படியை இடம் மாற்றி, உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவில் கொட்டி வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது, ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று வாசலில் நின்று கேட்டால் எப்படி இருக்கும். இருபத்தேழு நட்சத்திரத்தை வைத்துப் பிழைக்கிறவளிடம் வந்து ஐந்து நட்சத்திரம் கேட்கிறான்.

பத்துப் பொருத்தத்தைத் தூக்கி மூன்று புள்ளிக்குள் ஒளித்துவிட்டார்கள். அந்தப் புள்ளியை அழுத்தினால்தான் பட்டியல் வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள். அதற்குப் பதிலாக நடுத்திரையில் ஒரு பெரிய இதயம், அது நிரம்பினால் பச்சை, நிரம்பாவிட்டால் சிவப்பு, உள்ளே ஒரு சதவீதம். கல்யாணத்துக்குச் சதவீதம். மேலும் கீழுமாக இருந்த பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்கள், பெண், ஆண் என்கிற எழுத்தை எடுத்துவிட்டு ஆளுக்கொரு பொம்மைத் தலை, கடுகளவு. முதல் தலை ஆண். என் விரலுக்கு அது எப்படித் தெரியும். முதல் பெட்டி என்றால் பெண் என்றுதான் அதற்கு இத்தனை வருஷமும் தெரியும். மாறினால் என்ன, இரண்டு பேர்தானே, கூட்டினாலும் மாற்றிக் கூட்டினாலும் ஒன்றுதானே என்று என் மகன் கேட்பான். ஒன்றில்லை. பொருத்தம் எண்ணும்போது பெண்ணின் நட்சத்திரத்தில் ஆரம்பித்து ஆணின் நட்சத்திரம் வரைக்கும் எண்ண வேண்டும், அதுதான் முறை. ஆணில் ஆரம்பித்துப் பெண்ணுக்கு எண்ணினால் வேறு எண் வரும், வேறு பலன் வரும். ஒருவழிப் பாதை இருக்கிற ஊரில் கடைக்குப் போகிற தூரமும் திரும்பி வருகிற தூரமும் ஒன்றா. ரஞ்சனி மிருகசீரிஷம். பையன் மூலம். ஆண் மூலம் அரசாளும் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டி மாறியதும் கம்ப்யூட்டர் என்ன நினைத்துக்கொண்டது, பெண்ணுக்கு மூலம் என்று நினைத்துக்கொண்டது. அப்புறம் கேட்கவா வேண்டும், மாமனாருக்கு ஆகாது, கணப் பொருத்தம் இல்லை, தினப் பொருத்தம் இல்லை, இதயத்தில் பாதிகூட நிரம்பவில்லை.

முந்தின வாரம் வெள்ளிக்கிழமை வந்தார்கள், அம்மாவும் மகளும். பையன் பேர் நவநீதன், அதே ஸ்கூலில் கணக்கு வாத்தியார். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, எல்லாம் ஆன பிறகு ஒரு சாஸ்திரத்துக்காகப் பொருத்தம் பார்க்க வந்தார்கள். நான் வழக்கம்போல் ரஞ்சனியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். அவள் தரையையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், சந்தேகமே இல்லாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது நான் ஒரு நிமிஷம் நின்றிருக்க வேண்டும். திரையைத் திருப்பி அவர்களிடமே காட்டினேன், புது மாடல் வந்திருக்கிறது பாருங்கள் என்று ஒரு பெருமை வேறு. சிவப்பு இதயம். முப்பத்தெட்டு. ரஞ்சனி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ்தானே பெரியம்மா" என்றாள். டீச்சர் அல்லவா. நான் சிரித்திருக்கலாம். "இது பரீட்சை இல்லம்மா, வேணாம், விட்டுருங்க" என்றேன். அவள் துப்பட்டா ஓரத்தைத் தொடையில் வைத்து நீவினாள், ஒரு சுருக்கம்கூட இல்லாத துப்பட்டா, அதைத் திரும்பத் திரும்ப நீவினாள். அழுதிருந்தால் எனக்கு இன்று இவ்வளவு பயம் வந்திருக்காது. அழுகிறவர்கள் அழுது முடித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள், இந்த நீவுகிறவர்களைத்தான் நம்ப முடியாது.

இன்று காலையிலும் அந்த நீவல்தான் கண்ணுக்குள் நின்றது, காப்பி இறங்கவில்லை. இந்த ரோஸ் திரை உண்மையைத்தான் சொல்கிறதா என்று ஒரு சந்தேகம். சோதித்துப் பார்க்க எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஜாதகம் இரண்டுதான், என்னுடையதும் வீட்டுக்காரருடையதும். பழைய திரையில் ஏழு பொருத்தம் உண்டு எங்களுக்கு. அடித்தேன். சிவப்பு இதயம், நாற்பது. அவர் பேப்பரை மடித்துவிட்டு எட்டிப் பார்த்து, "நாப்பதா? பரவால்லையே, நான் இன்னும் கம்மியா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அவருக்கு எல்லாம் விளையாட்டு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையோடு முகத்தை ஒட்டிப் பார்த்தபோதுதான் அந்தக் கடுகுத் தலை தெரிந்தது, முதல் பெட்டியில் மீசை. மாற்றிப் போட்டேன், எங்களுக்குப் பச்சை. ரஞ்சனிக்குப் போட்டேன், பச்சை, வழிய வழியப் பச்சை. நல்லவேளை, இந்த ஒரு பொருத்தம் தவிர, ரோஸ் திரை வந்த நாளிலிருந்து நான் ஜாதகம் கணித்துக் கொடுத்ததோடு சரி, யாருக்கும் ஜோடி பார்க்கவில்லை, போன மாதம் ஆடி, ஆடியில் எவன் கல்யாணப் பேச்சு பேசுகிறான். அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள், குரலில் தேன். "யூசர்ஸ் ஈசியா யூஸ் பண்ணணும்னுதான் மேடம் மாத்திருக்கோம்." நானும் யூசர்தானேம்மா, எனக்கு ஈசியாகத்தானே இருந்தது, பழையதைக் கொடுத்துவிடு. "பழைய வெர்ஷன நிறுத்திட்டாங்க மேடம். கொஞ்ச நாள்ல பழகிரும் மேடம்." பழகிவிடும். மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வரும்போது எல்லாப் பெண்ணுக்கும் சொல்கிற அதே வார்த்தை, எனக்கும் சொன்னார்கள், நானும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணைத் திட்ட மனசு வரவில்லை, அவளா மாற்றினாள், பாவம், அவளுக்கும் யாரோ பழகிவிடும் என்று சொல்லித்தான் அந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பார்கள்.

"மேட்டுப்பட்டி விலக்கு எறங்குறவங்க முன்னாடி வாங்க" என்கிறார் கண்டக்டர். இறங்கிவிட்டேன். முருங்கைக்காய் அம்மாள் ஜன்னல் வழியாக, "கணக்கு நேராயிரும், கவலப்படாம போங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார், அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். விலக்கிலிருந்து உள்ளே நடக்க வேண்டும், ஒரு தடவை வந்திருக்கிறேன், ரேஷன் கடை தாண்டி இடதுபக்கம் பச்சை வீடு. என்ன சொல்லப் போகிறேன். விஜயா, கம்ப்யூட்டர் மாறிவிட்டது. வேண்டாம், கம்ப்யூட்டர் மேல் பழி போடுகிற மாதிரி இருக்கும். விஜயா, நான் மாற்றிப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு யாராவது என்னிடம் ஜாதகத்தைக் கொண்டுவருவார்களா. கொண்டுவராமல் போகட்டும், அந்தப் பெண் கண்ணில் பட்டால் போதும், வாசலில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தால் போதும், என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாலும் போதும். ரேஷன் கடை வந்துவிட்டது. பூட்டியிருக்கிறது. ஏன் பூட்டியிருக்கிறது, இன்று லீவா, ஊரில் ஏதாவது ஆனால் கடையை அடைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, தில்லை, இன்று ஞாயிற்றுக்கிழமை. திரும்பினால் பச்சை வீடு. வாசலில் செருப்பு. ஒன்றிரண்டில்லை, குவியல், படி தாண்டித் தெரு வரைக்கும் செருப்பு. வேலியோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆம்பிளைகள் நாலைந்து பேர் கைகட்டிக்கொண்டு நிற்கிறார்கள், பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிறார். எனக்குக் கால் நின்றுவிட்டது. இத்தனை செருப்பு ஒரு வீட்டு வாசலில் எதற்காகக் கிடக்கும், இரண்டே காரணம்தான். காதைக் கொடுத்துக் கேட்டேன், அழுகைச் சத்தம் இல்லை. அழுது ஓய்ந்திருப்பார்கள். மேளம் இல்லை. சின்ன வயசுப் பெண் என்றால் மேளம் வைக்க மாட்டார்களோ என்னவோ. முருகா, என் பழைய திரையைத் திருப்பித் தர வேண்டாம், கண்ணை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இதை மட்டும் நடத்தியிருக்காதே. அப்போதுதான் மூக்குக்கு அது வந்தது. நெய். நெய்யில் முந்திரி வறுபடுகிற வாசனை, பின்னாலேயே ஏலக்காய். கேசரி. சாவு வீட்டில் அடுப்பு எரியாது. எரிந்தாலும் கேசரி கிண்ட மாட்டார்கள்.

கேசரி, கேசரி என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டு அந்த இடத்தில் நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். கைக்குட்டைக்காரர் என்னைப் பார்த்து, "வாங்கம்மா, உள்ள வாங்க, வெயில்ல நிக்கிறீங்க" என்றார், பாவம், அவருக்கு வியர்த்திருக்கிறது, அவ்வளவுதான், பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு இந்த வெயிலில் நின்றால் வியர்க்காமல் என்ன செய்யும். படியேறினேன், விஜயராணி தாம்பாளத்தோடு வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். சந்தோஷமாக இருந்த முகம் நொடியில் வெளுத்துவிட்டது. தாம்பாளத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பக்கவாட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன், இன்னிக்கு ஒண்ணும் சொல்லிப்புடாதீங்க. மாப்பிள்ள வீட்டுல பூ வைக்க வந்துருக்காங்க. நீங்க வேணாம்னு சொன்னது அவுங்களுக்குத் தெரியாது." நான் வாயைத் திறப்பதற்குள் மேலே மேலே கொட்டினாள். "அவ மூணு நாளு சோறு திங்கலக்கா. எங்களுக்கு மனசு கேக்கல. கொலசாமி கோயில்ல பூப்போட்டுப் பாத்தோம், வெள்ளையும் செவப்பும் மடிச்சுப் போட்டு, ஒரு புள்ளய விட்டு எடுக்கச் சொன்னோம், வெள்ளதான் வந்துச்சு. உத்தரவு குடுத்துட்டா ஆத்தா. ஒங்ககிட்ட எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்றது. அதான் போன எடுக்கல."

அதனால் போனை எடுக்கவில்லை. எனக்குப் பயந்துகொண்டு. நான் கிணறு கிணறாக எண்ணிக்கொண்டு வருகிறேன், இவள் என் நம்பரைப் பார்த்துப் பார்த்து நடுங்கிப்போய் போனை அணைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சாதாரணச் சிரிப்பில்லை, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் சிரிப்பதைப் பார்த்து அவள் இன்னும் பயந்தாள். சிரித்துக்கொண்டே இன்னொன்றும் உள்ளே குத்தியது, மறைப்பானேன், நம் வாக்குக்கு இவ்வளவுதானா மரியாதை, நான் வேண்டாமென்று சொல்லியும் இலை போட்டிருக்கிறார்களே என்று. சீ, அதுவும் ஒரு நினைப்பா. அந்தக் குலசாமியைத்தான் கும்பிட வேண்டும், அவள் கோயிலுக்கு எந்தக் கம்பெனிக்காரனும் போய்ப் பூவின் நிறத்தை மாற்றிவிட்டு வரவில்லை. "விஜயா, நல்லாக் கேட்டுக்க, பொருத்தம் இருக்கு, அமோகமா இருக்கு. நான்தான் பெட்டிய மாத்திப் போட்டுட்டேன், பொண்ணோடத ஆம்பளப் பெட்டியில போட்டுட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். அவள் தலையை வேகமாக ஆட்டினாள். "சரிக்கா, சரிக்கா, நீங்க சொன்னாச் சரி" என்றாள். கடன்காரனைச் சமாதானப்படுத்துகிற குரல். "அட, நெசமாத்தான் சொல்றேன், கம்ப்யூட்டர்ல தப்பா வந்துருச்சு." "கம்ப்யூட்டரு எப்படிக்கா தப்பாப் போடும்" என்றாள், என் கையைத் தட்டிக்கொடுத்தாள், "ஒங்களுக்குப் பெரிய மனசுக்கா, வாங்க, வந்து சாப்புடுங்க." நம்பவில்லை. வேண்டாமென்று சொன்னதை மட்டும் உடனே நம்பினாள், இல்லை, அதையும் அம்மனிடம் போய் மாற்றிக்கொண்டுவந்தாள், ஆனால் மனசின் ஓரத்தில் அதைத்தான் வைத்திருக்கிறாள். போகட்டும், பெண் உயிரோடு இருக்கிறாள், பூ வைத்துக்கொள்ளப் போகிறாள், நம்பினால் என்ன நம்பாவிட்டால் என்ன என்று இலையில் உட்கார்ந்தேன். கேசரி தொண்டையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. காலையிலிருந்து பட்டினி என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கை கழுவிவிட்டு உள்ளே போனால் நடுக் கூடத்தில் ரஞ்சனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அரக்கு நிறப் பட்டு, தலை கொள்ளாத பூ, பையனின் அம்மாவும் அத்தைமார்களும் வைத்துவிட்டுச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர்ச் சுவரோரம் நவநீதன், கணக்கு வாத்தியார், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நன்றாக இருக்கிறது எல்லாம் என்று நினைத்தேன், வயிறு நிறைந்தவளின் நினைப்பு. அப்போது அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. உடனே மறுபடி சிரித்தாள், ஆனால் அது வேறு சிரிப்பு, வகுப்பில் இன்ஸ்பெக்டர் நுழைந்தால் வருகிற சிரிப்பு. மடியில் இருந்த கை புடவைக் கரையை நீவ ஆரம்பித்தது. இதற்கா வந்தேன், இதைத் தெரிந்துகொள்ளாமல் கேசரியைத் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் பார்த்தேனே. கல்யாணம் நடந்துவிடும், பூவும் வைத்தாயிற்று. ஆனால் முதல் சண்டையில் இவளுக்கு என்ன ஞாபகம் வரும். முப்பத்தெட்டு. மாமனாருக்கு ஒரு காய்ச்சல் வந்தால், அவன் ஒருநாள் வீட்டுக்கு நேரம் கழித்து வந்தால், பிள்ளைக்குப் பேச்சு வரத் தாமதமானால், அன்றைக்கே அந்தப் பெரியம்மா சொன்னாளே என்று வரும். யாரிடமும் சொல்ல மாட்டாள், நீவிக்கொண்டே இருப்பாள். வேண்டாம் என்கிற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தால் அது போன இடத்தில் குடித்தனம் நடத்தும் என்று எனக்குத் தெரியாதா, முப்பது வருஷமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்தில் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். விஜயா வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள், மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. அத்தைமார்கள் ஜோசியரம்மாவா, நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று இடம் விட்டார்கள். ரஞ்சனி குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பெரியம்மா, அந்த முப்பத்தெட்டு" என்றாள். "அது ஒன்னோட கணக்கே இல்ல. நான் தப்பான பெட்டியில அடிச்சுட்டேன்" என்றேன். அவள் கண் என் முகத்திலேயே இருந்தது, நான் ஜனங்களைப் பார்க்கிற மாதிரியே அவள் என்னைப் பார்த்தாள், எங்கே பொய் இருக்கிறது என்று. வாயால் சொன்னால் ஆகாது. "கையக் குடு" என்றேன். மருதாணி போட்ட கை, சில்லென்று இருந்தது. "ஒனக்கு மிருகசீரிஷம். அவருக்கு மூலம். கணு கணுவா எண்ணு, நானும் எண்ணுறேன்." ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் அவள் கட்டைவிரலையே எடுத்து வைத்தேன். மிருகசீரிஷம், திருவாதிரை, புனர்பூசம், ஒரு விரல் முடிந்தது. பூசம், ஆயில்யம், மகம். பூரம் சொல்லும்போது அவளும் சேர்ந்துகொண்டாள், உத்திரம், அஸ்தம். சித்திரை, சுவாதி, விசாகம், அந்தக் கை முடிந்துவிட்டது. அவளாகவே மற்ற கையை நீட்டினாள். அனுஷம். கேட்டை. அங்கே நான் நிறுத்திக்கொண்டேன். அவள் கட்டைவிரல் அடுத்த கணுவுக்குத் தானாகப் போயிற்று, "மூலம்" என்றாள், எதிர்ச் சுவரில் நவநீதன் மின்விசிறியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"எத்தன?" என்றேன். "பதினஞ்சு." "பதினாலத் தாண்டிருச்சா, தாண்டிட்டா தினப் பொருத்தமும் வந்துருச்சு, கணத்தப் பத்தியும் பயமில்ல, நீ சுமங்கலியா நெடுநாள் வாழுவ. இதத்தான் அந்தக் கம்ப்யூட்டரு மறச்சு வச்சுருந்துச்சு." அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, டீச்சர் அல்லவா, விடையை மட்டும் கொடுத்தால் போதாது. "அவருல இருந்து எண்ணுனா?" என்று கேட்டாள். "அவருல இருந்து எண்ணக் கூடாது" என்றேன், "அதுதான் நான் செஞ்ச தப்பு. எந்தக் கல்யாணமா இருந்தாலும் எண்ணிக்க பொண்ணுகிட்ட இருந்துதான் ஆரம்பிக்கணும். ஒங்கிட்ட இருந்துதான் ஆரம்பிக்கணும்." அவள் கையை என்னிடமிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள். புடவைக் கரைக்குப் போகும் என்று நினைத்தேன், போகவில்லை. ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் கட்டைவிரலை வைத்து, என்னைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல், முதலில் தன்னை எண்ணினாள்.